டூல் டிஸ்கிரிப்ஷன்: குறிப்பா, விளக்கமா?

நாம் சொல்லும் வேலையை நமக்காகத் தானே செய்துமுடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை ஏஐ ஏஜென்ட் என்கிறார்கள். அதை உருவாக்குபவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'டூல் டிஸ்கிரிப்ஷன்'. ஏஜென்டுக்குள் இருந்து, உரையைப் படித்துப் பதில் எழுதும் மொழி மாதிரியிடம் மென்பொருள் கருவி ஒன்றைக் கொடுக்கும்போது அதன் பெயரையும் அது கேட்கும் உள்ளீடுகளையும் தருகிறோம். கூடவே, அது என்ன செய்யும் என்று சில வரிகள் எழுதி வைக்கிறோமே, அந்த வரிகளுக்குத்தான் இந்தப் பெயர். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஏபிஐயில் (மற்ற நிரல்கள் அதன் மாதிரிகளை அணுகும் வழி) ஃபங்ஷன் காலிங் என்ற, மாதிரி கருவிகளை அழைக்க உதவும் வசதியைத் தந்தபோதே இது இருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஜென்ட்களையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் பரவிய பிறகு, யாரோ எழுதிய கருவியை வேறு யாரோ உருவாக்கிய ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துவது சாதாரணமாகிவிட்டது. கருவிக்குள் இருக்கும் நிரலை ஏஜென்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. இந்த வரிகளைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது.

'டிஸ்கிரிப்ஷன்' லத்தீனிலிருந்து வந்தது. 'ஸ்கிரிபெரே' என்றால் எழுதுதல்; 'டே' முன்னொட்டு சேர்ந்தால் எழுதி வைத்தல், பார்த்து எழுதுதல். மருத்துவர் தரும் 'பிரிஸ்கிரிப்ஷன்' இதன் உடன்பிறப்பு. அது 'முன்கூட்டி எழுதுதல்'. முதலாவது ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்கிறது, இரண்டாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. டூல் டிஸ்கிரிப்ஷனுக்குப் பெயர்தான் முதலாவது, வேலை இரண்டும். எப்போது எடு, எப்போது தொடாதே என்பதையும் அதுவே சொல்லியாக வேண்டும்.

நாட்காட்டிக் கருவி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விளக்கம் ஒரே வரி: 'நிகழ்வை நீக்கும்.' பயனர் ஏஜென்டிடம், "நாளைக்கு இருக்கும் கூட்டத்தை ரத்து பண்ணிடு" என்கிறார். அது வாராவாரம் நடக்கும் கூட்டம். ஏஜென்ட் கருவியை அழைக்கிறது, மொத்தத் தொடரும் அழிந்துபோகிறது. நிரலில் பிழை இல்லை. ஏஜென்டும் படித்ததைத்தான் செய்தது. இப்போது அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'நிகழ்வை நிரந்தரமாக நீக்கும், மீட்க முடியாது. தொடர் நிகழ்வாக இருந்தால் எல்லா நாள்களும் நீங்கும். ஒரு நாளை மட்டும் ரத்து செய்ய, "ஒருநாள் ரத்து" கருவியைப் பயன்படுத்தவும். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தரவும்.' நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் கூட்டம் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'டூல்' பற்றிக் கவலையில்லை. கருவி என்ற சொல் நம் இலக்கணத்திலேயே அருமையாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள்களே வினைமுதலும் கருவியும்தான். வினையைச் செய்பவர் வினைமுதல், எதனால் செய்கிறாரோ அது கருவி. 'ஏஜென்ட்' என்பதும் லத்தீனில் 'செய்' என்ற வேரிலிருந்து பிறந்த சொல். வேரைப் பார்த்தால் வினைமுதல் என்பதே மிக நெருக்கம். இருந்தாலும் இன்னொருவர் சார்பாகச் செயல்படுவதால், 'முகவர்' என்று ஏற்கெனவே வழங்கும் சொல்லே போதும் என்பேன்.

சிக்கல் 'டிஸ்கிரிப்ஷன்'தான். சட்டென்று வாயில் வருவது 'கருவிக் குறிப்பு'. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணத்தில் குறிப்பு என்பது வெளிப்படைக்கு எதிர், சொல்லாமல் உணர்த்துவது. கவிதைக்கு அது அழகு, இங்கே ஆபத்து. 'விவரம்' தவறில்லை, ஆனால் தகவல்களை அடுக்கினாலே போதும் என்ற தொனி அதில் இருக்கிறது. 'விளக்கு' என்பதற்குத் தெளிவாக்கு என்றும் பொருள், தேய்த்துத் துலக்கு என்றும் பொருள். ஐயம் போகும்வரை துலக்கி வைப்பதுதான் வேலை என்பதால் என் தேர்வு 'கருவி விளக்கம்'.

அப்புறம், எழுதிய விளக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் 'இவேல்யுவேஷன்'. மதிப்பிடு என்பதிலிருந்து வந்த 'மதிப்பீடு' இதற்குப் பொருத்தமான சொல். ஆனால் கருவி விளக்கத்தைப் படித்துப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வது மதிப்பீடு ஆகாது. மனிதருக்குத் தெளிவாகத் தோன்றும் வரி முகவரைத் தடுமாற வைக்கலாம். எனவே வேலைகளைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்: சரியான கருவியை எடுத்ததா, உள்ளீடுகளைச் சரியாக நிரப்பினதா, பொருந்தும் கருவி எதுவும் இல்லாதபோது சும்மா இருந்ததா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதிரியின் பதில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஒரே வேலையைப் பல முறை ஓட்ட வேண்டும். மாதிரி, வேலைகள், மற்ற கருவிகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்து, விளக்கத்தை மட்டும் மாற்றினால்தான் வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரியும்.

விளக்கம் நீண்டால் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு வரியும் மாதிரியின் சூழல் சாளரத்தில், அதாவது அது ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய உரையின் அளவில், இடம் பிடிக்கிறது. 'எல்லாத் தேடலுக்கும் ஏற்றது' என்று பெருமையாக எழுதிய கருவி, பக்கத்துக் கருவிக்குப் போக வேண்டிய அழைப்புகளையும் இழுத்துக்கொள்ளக்கூடும். தனியாகச் சோதித்தால் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். மற்ற கருவிகளோடு சேர்த்து வைத்துச் சோதிக்கும்போதுதான் அந்தக் குறை கண்ணில் படும்.