புகைபோக்கிக்கான தொடர் கண்காணிப்புக் கருவி: விதியும் தேர்வும்

அதிக மாசு ஏற்படுத்துபவை என வகைப்படுத்தப்பட்ட 17 தொழில் பிரிவுகளும், அபாயகரக் கழிவையும் மருத்துவக் கழிவையும் எரிக்கும் பொது நிலையங்களும், புகைபோக்கி வழியே வெளியேறும் மாசை இடைவிடாது அளந்து இணையவழி அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் மாநில வாரியங்களுக்கு ஆணையிட்டது. எதை அளப்பது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். நிலக்கரி அனல் மின் நிலையம் துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றை அளக்க வேண்டும். கழிவு எரியூட்டும் நிலையத்துக்கு ஹைட்ரஜன் குளோரைடும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக வரும். விற்பனையாளரின் விலைப்புள்ளியைப் பார்க்கும் முன் ஆலையை இயக்க வாரியம் தந்த அனுமதியான இசைவாணையை எடுத்துப் படிப்பது நல்லது.

இந்த நிறுவனத்தின் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்று விதி சொல்வதில்லை. சான்றிதழ் பெற்ற கருவியா என்றே பார்க்கிறது. நீண்ட காலம் ஐரோப்பிய, அமெரிக்கச் சான்றுகளே வழக்கில் இருந்தன. 2019-இல் தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தியாவுக்கான சான்றளிப்பு அமைப்பாக அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த அளவீட்டு எல்லைக்கு வழங்கப்பட்டது என்பதையும் படிக்க வேண்டும். ஒரு கனமீட்டர் புகைக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை அளப்பதற்குச் சான்று பெற்ற கருவி, 50 மில்லிகிராம் வரம்பு உள்ள ஆலைக்குப் பெரும்பாலும் பயன்படாது.

தேர்வில் அதிகம் பிழை நேர்வது புகையின் ஈரத்தைக் கணக்கில் கொள்ளாததால்தான். புகையை நீரால் கழுவும் ஸ்க்ரப்பருக்குப் பின்னால் வரும் ஈரப்புகையில் குறுக்கே ஒளி பாய்ச்சித் துகளை அளக்கும் கருவியைப் பொருத்தினால், அது நீர்த்துளியையும் துகளாகவே எண்ணிவிடும். அங்கே மாதிரியை வெளியே இழுத்துச் சூடாக்கி அளக்கும் கருவியே பொருந்தும். துகள் மோதும்போது எழும் மின்னூட்டத்தை அளக்கும் கம்பி வகை மலிவானது என்றாலும், புகையின் வேகம் மாறினால் அதன் அளவும் மாறும். மின்புலத்தால் துகளைப் பிடிக்கும் ஈஎஸ்பி-யிலிருந்து துகள்கள் மின்னூட்டத்தோடு வெளிவருவதால், அதற்குப் பின்னால் இந்தக் கம்பி வகையை நம்ப முடியாது.

வாயுக்களிலும் இதே சிக்கல் உண்டு. புகைபோக்கியின் மேலிருந்து கீழே வாயுவை அளக்கும் அனலைசர் உள்ள அறை வரை வரும் சூடான குழாயில் ஓரிடத்தில் சூடு குறைந்தால்கூட, அங்கே நீர் கோத்து, கந்தக டை ஆக்சைடின் ஒரு பகுதியும் ஹைட்ரஜன் குளோரைடில் பெரும்பகுதியும் அதில் கரைந்துபோகும். அளவு குறைவாகக் காட்டுவதால் ஆலையில் யாரும் குறை சொல்வதில்லை; பல மாதங்கள் கழித்து வாரியம் கையால் மாதிரி எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆக்சிஜன் அளவியைத் தனிச் செலவு என்று ஒதுக்குவோரும் உண்டு. நிலக்கரிக் கொதிகலனுக்கான வரம்பு, புகையில் 6 சதவீத ஆக்சிஜன் இருக்கும் நிலைக்குக் கணக்கிடப்பட்டது. புகையில் 9 சதவீத ஆக்சிஜன் இருக்கையில் கருவி 45 மில்லிகிராம் காட்டினால், காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பதால் அதை (21 – 6) / (21 – 9), அதாவது 1.25 ஆல் பெருக்க வேண்டும், விடை 56.25. வரம்பு 50 என்றால், வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றிய ஆலை உண்மையில் அதை மீறியிருக்கிறது.

துகள் கருவியை வெவ்வேறு உற்பத்தி அளவுகளில் கைமாதிரியோடு ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்ய வேண்டியிருப்பதால், மாதிரி எடுக்கும் துளை, நின்று வேலை செய்ய மேடை, ஏறப் பாதுகாப்பான படி ஆகிய மூன்றும் கொள்முதல் ஆணையிலேயே இடம்பெற வேண்டும். அளவுத்திருத்த வாயு உருளைகளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை விலைப்புள்ளியிலேயே கேட்டு வாங்கலாம். கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டவர்கள் பிறகு திணறுவது இங்கேதான்.

அனலைசரின் தரவு இடையில் யாரும் திருத்த வழியில்லாமல் வாரியத்தின் சர்வருக்கு நேரடியாகச் செல்ல வேண்டும் என்பதும் விதி. ஆகவே இறுதித் தவணையைக் கொடுக்கும் முன், கருவித் திரையில் தெரியும் எண்ணும் வாரியத்தின் தளத்தில் பதிவாகும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சில நாட்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.