வீட்டு வரைபடத்தை யாரிடம் கேட்பது?

சிங்கப்பூரில் ஒரு தரைவீட்டையோ (தனி நிலத்தில் அமைந்த வீடு) கடைவீட்டையோ (கீழே கடையும் மேலே வீடும் கொண்ட கட்டடம்) வாங்கப்போகிறவரும், குடியிருக்கும் வீட்டில் ஒரு சுவரை எடுக்க நினைப்பவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சொத்தைப் பற்றிய ஆவணங்கள் எல்லாம் ஒரே அலுவலகத்தில் கிடைக்காது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதிப் பழகியவர்கள் அத்தகைய மனுவை இங்கும் எழுதலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அப்படியொரு பொதுச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. ஒவ்வோர் அமைப்பும் தன்னிடமுள்ள ஆவணத்தைத் தன் விதிப்படி, பெரும்பாலும் கட்டணம் பெற்றுக்கொண்டு தருகிறது. ஆகவே, எந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம் நில எண். முகவரியைக் கொண்டு ஒரு வீட்டைத் தேடிவிடலாம், ஆனால் ஆவணங்களில் நிலத்தை அடையாளம் காட்டுவது 'முக்கிம்' அல்லது 'டவுன் சப்டிவிஷன்' என்ற பிரிவும் அதற்குள் வரும் எண்ணும்தான். சிங்கப்பூர் நில ஆணையம் நடத்தும் 'இன்லிஸ்' இணையச் சேவையில் முகவரியைக் கொடுத்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம். உரிமையாளர் யார், நிலம் 99 ஆண்டு குத்தகையா நிரந்தர உரிமையா, வங்கி அடமானமோ 'கேவியட்' என்னும் பிறரது உரிமைகோரல் குறிப்போ பதிவாகியிருக்கிறதா என்பவற்றையும் கட்டணம் செலுத்தி அங்கேயே அறியலாம். நில அளவை வரைபடமும் அங்கு கிடைக்கும். அதில் எல்லைக்கோடுகளும் அவற்றின் நீளமும் எல்லைக்குறிகளும் இருக்கும். கட்டடத்தின் உள்ளமைப்பு இருக்காது. இந்த வேறுபாட்டை அறியாமல் சமையலறை எங்கே, தூண் எங்கே என்று அளவை வரைபடத்தில் தேடிப் பணத்தை வீணாக்கியவர்கள் உண்டு.

தனியார் கட்டடத்தின் உள்ளமைப்பைப் பார்க்க, கட்டட, கட்டுமான ஆணையத்தை அணுக வேண்டும். அனுமதி பெற்ற கட்டட வரைபடங்களின் நகல்களை அது விற்கிறது. உரிமையாளர் நேரடியாகக் கேட்கலாம். மற்றவர் கேட்டால் உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. வாங்கப்போகிறவர் விற்பவரிடம் தயங்காமல் இந்த ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எனக்கு நெருங்கிய ஒரு குடும்பம் பழைய தரைவீடு ஒன்றைப் பார்த்துப் பிடித்துப்போய், ஒப்புதல் பெற்று வரைபடத்தை வாங்கியது. சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, அளக்கும் நாடாவால் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, பின்பக்கச் சமையலறையின் கடைசி மூன்று மீட்டர் வரைபடத்தில் இல்லவே இல்லை. தாளில் அந்த இடம் திறந்தவெளி. வீட்டிலோ அங்கே அடுப்பும் கூரையும் இருந்தன. அனுமதியில்லாமல் கட்டப்பட்ட பகுதியை இடித்துச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு இப்போதைய உரிமையாளருக்கே வரக்கூடும்; கட்டியவர் முந்தைய உரிமையாளர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளுக்கு வழி வேறு. வீட்டின் தரை வரைபடத்தை உரிமையாளர் அரசின் மின்னிலக்க அடையாளச் சேவையான சிங்பாஸ் வழியாக நுழைந்து கழகத்தின் இணையப்பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். மறுவிற்பனை வீட்டை வாங்குபவர் விற்பவரிடம் கேட்டுப் பெறலாம். சுவரை எடுப்பதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் சுவர்களையும் தூண்களையும் தொடவே கூடாது. பேச்சுவழக்கில் 'பாம் ஷெல்டர்' என்று நாம் சொல்லும் பாதுகாப்பு அறையின் சுவர்களுக்கும் இதுவே விதி.

கூட்டுரிமை வீடுகளில் ('காண்டோமினியம்') பொதுப் பகுதிகளின் வரைபடங்களை அந்தக் குடியிருப்பின் நிர்வாகக் கழகத்திடம் கேட்கலாம். 2004ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, கூட்டுரிமை நிர்வாகச் சட்டம் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமன்றி, அவர்களின் ஒப்புதலுடன் வாங்குபவருக்கும் கழகத்தின் பதிவேடுகளைக் கட்டணம் செலுத்திப் பார்வையிட வழி தருகிறது.

இனி, அந்த நிலத்தில் என்ன கட்டலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்வி. இதற்கு விடை நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் இருக்கிறது. நிலப் பயன்பாட்டையும் கட்டட அடர்த்தியையும் வகுக்கும் பெருந்திட்டத்தை அதன் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவில் கடைவீடு எடுத்து உணவகம் தொடங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டு முதல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரம். முகப்பையும் சன்னல்களையும் நினைத்தபடி மாற்ற முடியாது. தரைத்தளத்தில் நேற்றுவரை துணிக்கடை நடந்தது என்பதற்காக இன்று உணவகம் நடத்த அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. அந்த இடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு எது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பலரும் மறந்துவிடும் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைக்கோட்டு வரைபடம். வருங்காலத்தில் சாலைக்காக ஒதுக்கப்பட்ட பகுதி உங்கள் வேலிக்குள் நுழைகிறதா என்பதை அது காட்டும். மற்றொன்று, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வடிகால், கழிவுநீர்க் குழாய் வரைபடங்கள். பின்புறத்தில் அறை கட்ட நினைக்கும் இடத்துக்கு அடியில் பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடினால், அதன்மேல் விரும்பியபடி கட்ட இயலாது.

மிகப் பழைய கட்டடம் என்றால் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். 1884ஆம் ஆண்டு முதலான கட்டட வரைபடங்களை அது பாதுகாத்து வருகிறது. தாத்தா வாழ்ந்த கடைவீட்டின் முகப்பைத் தேடுபவர்களுக்கும் அங்கு விடை கிடைக்கலாம்.

சொத்து வாங்கும்போது வழக்கறிஞரும் இந்த ஆணையங்களுக்கு விசாரணைகளை அனுப்புவார். ஆனால் அவை வழக்கமாக, முன்பணம் கொடுத்துப் பெறும் வாங்கும் உரிமையை ('ஆப்ஷன்') உறுதிசெய்து கையெழுத்திட்ட பிறகே போகின்றன. வீவக மறுவிற்பனை வீட்டுக்கு அந்த உரிமைக் காலம் 21 நாள். தனியார் வீட்டுக்கு வழக்கத்தில் 14 நாள்தான். எனவே விற்பவரின் ஒப்புதல் கடிதத்தை முன்பணம் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். நில எண்ணை அன்று மாலையே தேடத் தொடங்கிவிடுங்கள்.