சிவப்புக் கூட்டல் குறி

1939 அக்டோபரில் ஜெர்மனியின் மனநலக் காப்பகங்களுக்கு உள்துறை அமைச்சகத்திலிருந்து ஒரு படிவம் வரத் தொடங்கியது. நோயாளி ஒருவருக்கு ஒரு தாள். பெயர், பிறந்த நாள், இனம், நோய், காப்பகத்துக்கு வந்து எத்தனை காலமாகிறது, பார்க்க யாராவது தவறாமல் வருகிறார்களா, செலவை ஏற்பவர் யார், என்ன வேலை செய்கிறார் என்று கேள்விகள். கீழே இடது மூலையில் தடித்த கறுப்புக் கோடிட்ட ஒரு கட்டம். அதைக் காலியாக விட வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் திட்டமிடலுக்காக விவரம் திரட்டுகிறோம் என்று காரணம் சொல்லப்பட்டது.

பல காப்பக இயக்குநர்கள் அதை நம்பினார்கள். தோட்டத்திலும் சலவைக் கூடத்திலும் நன்றாக உழைக்கும் நோயாளிகளைப் போர் வேலைக்குப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று சிலர் அஞ்சினார்கள். அவர்களைக் காப்பகத்திலேயே வைத்துக்கொள்வதற்காக ‘எந்த வேலைக்கும் லாயக்கில்லை’ என்று எழுதி அனுப்பினார்கள். காப்பாற்றுவதாக நினைத்து எழுதிய அந்த ஒரு வரியே அவர்களைக் கொன்றது.

நிரம்பிய படிவங்கள் பெர்லினில் டியர்கார்டன் தெரு 4ஆம் எண் வீட்டில் இயங்கிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த முகவரியை வைத்துத்தான் இந்தக் கொலைத் திட்டத்தை இன்று ‘டி4’ என்கிறார்கள். ஒவ்வொரு படிவத்தின் நகலும் மூன்று மனநல மருத்துவர்களுக்கு அனுப்பப்பட்டது. கறுப்புக் கட்டத்துக்குள் அவர்கள் சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் மரணம். நீலப் பென்சிலால் கழித்தல் குறி போட்டால் உயிர். மூவரில் ஒருவர்கூட அந்த நோயாளியை நேரில் பார்த்ததில்லை. ஊதியமோ படிவங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 1940 நவம்பரில் ஒரு நிபுணர் மூன்று வாரத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிவங்களைப் பார்த்து முடித்தார், தான் நடத்திவந்த காப்பகத்தின் அன்றாட வேலைகளுக்கு நடுவே. ஒரு நாளைக்கு நூறு மனிதர்கள்! ஓர் உயிருக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குச் சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. இருந்ததெல்லாம் ஹிட்லர் கையெழுத்திட்ட ஒரு கடிதம்தான். ஹிட்லரின் தனி அலுவலகத் தலைவர் பிலிப் பூலர், ஹிட்லரின் மருத்துவர் கார்ல் பிராண்ட் ஆகிய இருவருக்கும் அதிகாரம் கொடுத்து அக்டோபரில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்துக்கு, போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று முன்தேதி போட்டார்கள்.

கூட்டல் குறி விழுந்தவர்களை ஏற்றிக்கொள்ளச் சாம்பல் நிற பஸ்கள் வந்தன. பிராண்டன்பர்க், கிராஃபெனெக், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடமார் என்று ஆறு இடங்களில் கொலைக்கூடங்கள் இருந்தன. வந்தவர்களின் உடைகளைக் களைந்து ஒரு மருத்துவர் முன் நிறுத்துவார்கள். ஆளைப் பார்த்து, நம்பும்படியான ஒரு பொய்யான மரணக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பதே அவர் முக்கியமாகச் செய்த வேலை. பிறகு குளியலறை போல ஜோடிக்கப்பட்ட அறைக்கு அனுப்புவார்கள். அங்கே கார்பன் மோனாக்சைடு வாயுவைத் திறந்துவிடுவார்கள். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உடல் உள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். வாயுவைத் திறந்துவிடும் பொறுப்பும் மருத்துவருக்கே உரியது என்பது விதி.

கொன்ற பிறகும் எழுத்து வேலை ஓயவில்லை. கொலைக்கூடத்துக்குள்ளேயே ஒரு பதிவு அலுவலகம் இயங்கியது. மரணச் சான்றிதழ், ஆறுதல் கடிதம், அஸ்திக் கலசம் எல்லாம் அங்கிருந்தே வீடுகளுக்குப் போயின. இறந்த தேதியைத் தள்ளிப் போட்டு, அந்த நாட்களுக்கும் பராமரிப்புக் கட்டணம் வசூலித்தார்கள். அவசரத்தில் தவறுகள் நேர்ந்தன. எப்போதோ அறுவை செய்து குடல்வால் நீக்கப்பட்டவர் குடல்வால் அழற்சியால் இறந்ததாகச் சான்றிதழ் வந்தது. ஓர் ஆணின் கலசத்தில் பெண்கள் செருகும் கொண்டை ஊசிகள் கிடந்தன. ஊர் பேசத் தொடங்கியது.

குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு. 1939 ஆகஸ்ட் 18 அன்று வந்த ஆணைப்படி, குறைபாட்டோடு பிறந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் தகவல் தர வேண்டும். சிறப்புச் சிகிச்சை என்று பெற்றோரை நம்பவைத்து, தூக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தே கொன்றார்கள். நிமோனியா வந்து இறந்ததாகப் பதிவேட்டில் எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இப்படிக் குறைந்தது 5,000 குழந்தைகள்.

படித்த மருத்துவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்? யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தீர்மானித்து மனித இனத்தை ‘மேம்படுத்தலாம்’ என்ற இனமேம்பாட்டியல், ஓர் ‘அறிவியலாக’ அவர்கள் கையில் இருந்தது. 1933 ஜூலை 14 அன்று நிறைவேறிய சட்டம் பிறவி மனவளர்ச்சிக் குறைபாடு, மனச்சிதைவு, வலிப்பு, பரம்பரைக் குருட்டுத்தன்மை, பரம்பரைக் காது கேளாமை என்று ஒன்பது நிலைகளைப் பட்டியலிட்டு, அவை உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவகுத்தது. சுமார் 4 லட்சம் பேர் அதற்கு இரையானார்கள். அந்தக் கருத்தடைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மனவளர்ச்சிக் குறைபாடு என்ற தலைப்பில் செய்யப்பட்டவை. அதைத் தீர்மானிக்கும் வினாத்தாளில் அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யார், பிஸ்மார்க் யார் என்றெல்லாம் கேட்டார்கள். பள்ளிக்குச் சரியாகப் போக வாய்க்காத ஏழைக் கூலித் தொழிலாளியின் அறியாமை, பரம்பரை நோயாகப் பதிவாகிவிட்டது.

சரி, அந்தக் குறைபாடுகள் உண்மையிலேயே மரபுவழி வருபவை என்று வைத்துக்கொண்டாலும், கருத்தடையால் அவை ஒழியுமா? இங்கேதான் கணக்கு அவர்களைக் கைவிடுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் குறைபாட்டுப் பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். 10,000 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது என்றால், ஏறத்தாழ 198 பேர் ஒற்றைப் பிரதியைச் சுமந்துகொண்டு நல்ல உடல்நலத்துடன் நடமாடுகிறார்கள். ஆக, சமூகத்தில் உள்ள 200 குறைபாட்டுப் பிரதிகளில் நோயாளியிடம் இருப்பவை இரண்டே இரண்டு. தலைமுறைதோறும் ஒருவர் விடாமல் எல்லா நோயாளிகளுக்கும் கருத்தடை செய்தாலும் அந்த நோய் பாதியாகக் குறையச் சுமார் 41 தலைமுறைகள் ஆகும். அதாவது ஆயிரம் ஆண்டுகள்.

இந்தக் கணக்கின் அடிப்படையை 1908இலேயே வெளியிட்ட இருவரில் ஒருவர் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பர்க். மற்றவர் இங்கிலாந்தின் கணிதவியலாளர் ஹார்டி. வைன்பர்க்கே இனமேம்பாட்டு இயக்கத்தில் இருந்தவர். எனவே ஜெர்மன் மருத்துவ உலகுக்கு இது எட்டாத செய்தி என்று சொல்ல முடியாது. அதே பட்டியலில் இருந்த, மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய்க்கு ஒற்றைப் பிரதியே போதும் என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் அதன் அறிகுறிகள் பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவரும். அதற்குள் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். கணக்கு ஒருவேளை சரியாகவே இருந்திருந்தாலும் ஒரு மனிதரின் உடலில் அரசு கை வைக்க அது உரிமை தராது. அந்த உரிமை எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. மனச்சிதைவு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளான பின்பும், போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அந்த நோய் புதிதாக வருவோரின் விகிதம் குறையவில்லை.

டிரெஸ்டனைச் சேர்ந்த எல்ஃப்ரீடெ லோஸெ-வெக்ட்லர் என்ற ஓவியரின் வாழ்க்கையில் இந்த இரண்டு கட்டங்களும் வரிசையாக வந்தன. 1932இல் மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டுக் காப்பகத்தில் இருந்தவருக்கு, அவர் மறுத்தும் கேளாமல், 1935இல் கருத்தடை செய்தார்கள். அத்துடன் அவருடைய ஓவிய வாழ்வு முடிந்தது. 1940 ஜூலை 31 அன்று சோனன்ஸ்டைனில் அவரைக் கொன்றார்கள். அவருக்கு வயது 40.

பிராண்டன்பர்க்கில் நோயாளிகளின் சட்டப் பாதுகாவல் வழக்குகளைக் கவனித்த நீதிபதி லோதர் கிரைசிக், தன் பொறுப்பில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறப்பதைக் கவனித்து, பூலர் மீது கொலைப் புகாரே கொடுத்தார். அவரைப் பணியிலிருந்து விலக்கினார்கள். 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் கலென் தேவாலயத்தில் வெளிப்படையாக இந்தக் கொலைகளைக் கண்டித்துப் பேசினார். அந்த மாதம் 24ஆம் தேதி வாயுக் கொலைகளை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட்டார். அதற்குள் 70,273 பேர் மாண்டிருந்தார்கள். ஹார்ட்ஹைமில் பிறகு கண்டெடுக்கப்பட்ட ஏட்டில் இந்த எண்ணிக்கை இருக்கிறது. இவர்கள் இறந்ததால் பத்தாண்டுகளில் மிச்சமாகும் பணம் 88 கோடி மார்க்குக்கு மேல் என்றும், உருளைக்கிழங்கும் ஜாமும் எவ்வளவு மிச்சம் என்றும் அதே ஏட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கொலை நிற்கவில்லை, காப்பகங்களுக்குள் இடம் மாறியது. மருந்தாலும் பட்டினியாலும் கொன்றார்கள். பவேரியாவில் ஒரு காப்பகம் கொழுப்பே இல்லாத காய்கறிக் கஞ்சியை ஊற்றி நோயாளிகளை மெல்ல மெல்லச் சாகடித்தது. ஜெர்மன் ஆட்சிப் பரப்பில் மட்டும் மொத்தம் சுமார் 2 லட்சம் பேர் இறந்தார்கள். வாயுக் கூடங்களில் அனுபவம் பெற்றவர்கள் போலந்துக்குப் போனார்கள். பிராண்டன்பர்க்கிலும் பெர்ன்பர்க்கிலும் கொன்ற மருத்துவர் இர்ம்ஃப்ரீட் எபெர்ல் டிரெப்ளிங்கா மரண முகாமின் முதல் தளபதி ஆனார்.

பிராண்ட் 1948இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால் டி4 மருத்துவப் பிரிவின் முதல் தலைவர் வெர்னர் ஹைடெ, வேறு பெயரில் 1959 வரை மருத்துவராகவே தொழில் செய்துவந்தார். 1950களின் இழப்பீட்டுச் சட்டம் கருத்தடைக்கு ஆளானவர்களை நாஜிக் கொடுமைக்கு உள்ளானவர்களாகச் சேர்க்கவில்லை. 1980இல் அவர்களுக்கு ஒரே தடவையாக 5,000 மார்க் கொடுத்தார்கள். கருத்தடை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் 1998இல்தான் ரத்தாயின. மாண்டவர்களும் கருத்தடைக்கு ஆளானவர்களும் நாஜி ஆட்சியால் துன்புறுத்தப்பட்டவர்களே என்று ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 2025 ஜனவரியில். கேட்பதற்கு அவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை.