கோபத்தில் டிஸ்ட்ரோ மாற்றுவதற்கு முன்

வேளச்சேரியில் ஒரு திங்கட்கிழமை காலை. முந்தைய இரவு அப்டேட் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். எழுந்து லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை இல்லை. ஐகானையே காணோம். அந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வகை) என்ற பெயர் எதற்கு, விடுங்கள். மாடி வீட்டுக் கல்லூரிப் பையன் எட்டிப் பார்த்து, "ஆர்ச்சுக்கு வந்துடுங்க அங்கிள், எல்லாம் சரியாயிடும்" என்றான். ஆர்ச் இன்னொரு டிஸ்ட்ரோ. 'அங்கிள்' பரவாயில்லை. அந்த 'எல்லாம்' தான் உறுத்தியது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்பது கெர்னல் எனும் மையப் பகுதி மட்டும்தான். பிராசஸர், நினைவகம், வைஃபை சிப் போன்றவற்றை மேய்ப்பது அதன் வேலை. டெஸ்க்டாப், பிரவுசர், அவற்றுக்கு அடியில் இருக்கும் நிரல் நூலகங்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். கடைக்காரர் மதர்போர்டும் செய்வதில்லை, ராமும் செய்வதில்லை. எது எதோடு சேரும் என்று பார்த்துப் பூட்டித் தருகிறார். டிஸ்ட்ரோவும் அப்படித்தான். கடை மாறினாலும் பாகங்கள் பெரும்பாலும் அவைதான். எந்தப் பதிப்பு, எப்போது, எவ்வளவு சோதித்த பிறகு உங்கள் கைக்கு வருகிறது என்பதுதான் மாறும்.

சரி, என் வைஃபைக்கு என்ன ஆயிற்று? அந்தச் சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. நான் தனியாக நிறுவியது. இப்படிப்பட்ட டிரைவரை ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் புதிதாகக் கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) வேண்டும். அதைத் தானாகவே செய்ய டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கெர்னலின் உட்புற அமைப்பு இப்படியே நிலைத்திருக்கும் என்று அதை எழுதுபவர்கள் வாக்குக் கொடுப்பதே இல்லை. புதிய கெர்னலில் டிரைவர் கூப்பிடும் ஒரு ஃபங்ஷனின் (சிறு நிரல் துண்டின்) வடிவம் மாறினால், பழைய டிரைவர் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். அன்று நடந்தது அதுதான். லேப்டாப் தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் முந்தைய கெர்னல் இன்னும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் வைஃபை வந்துவிட்டது.

இந்த நிலையில் ஆர்ச்சுக்குப் போயிருந்தால் தலைவலி கூடியிருக்கும். அது ரோலிங் வகை. புதிய கெர்னல் வெளியான கொஞ்ச நாளிலேயே வந்து சேரும். ஃபெடோரா சுமார் 6 மாதத்துக்கு ஒரு பதிப்பு. உபுண்டுவின் எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 2 வருடத்துக்கு ஒன்று, 5 வருட ஆதரவோடு. டெபியனில் ஒரு மென்பொருள் முதலில் அன்ஸ்டேபிள் என்ற கிளையில் நுழையும். சில நாட்கள் பெரிய பிழை எதுவும் தலைகாட்டாவிட்டால் டெஸ்டிங்குக்குப் போகும். வெளியீடு நெருங்கும்போது புதிய பதிப்புகளை நிறுத்திவிட்டுப் பிழைகளை மட்டும் திருத்துவார்கள். நிலையான பதிப்பான ஸ்டேபிள் பிறப்பது அதற்குப் பிறகுதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 6.12 வரிசை கெர்னலோடு வந்தது. அந்த ஸ்டேபிளில் இருக்கும்வரை அதே வரிசைதான். எனக்கு வேண்டியது அதுவே.

பதிப்பு எண் பழையது, அதனால் பாதுகாப்பில் ஓட்டை என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. புதிய பதிப்பில் அடைத்த பாதுகாப்பு ஓட்டையைப் பழைய பதிப்பிலும் அடைத்துத் தருவார்கள். உண்மையான விலை வேறு: நேற்று வாங்கிய லேப்டாப்பின் கிராஃபிக்ஸைப் பழைய கெர்னலுக்கு அடையாளமே தெரியாமல் போகலாம்.

இன்னொன்று. மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது, உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். பெயர் மாறினாலும் அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். மெனு பிடிக்கவில்லை, ஜன்னல் பிடிக்கவில்லை என்பதுதான் குறை என்றால் டிஸ்ட்ரோவை மாற்ற வேண்டாம்; இருக்கிற இடத்திலேயே வேறு டெஸ்க்டாப்பை நிறுவிக்கொள்ளலாம்.

மாறுவது என்று முடிவெடுத்தால், நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் பென் டிரைவில் ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவில் சுருக்கி வைத்த அமைப்பை அது படிக்க மட்டும் செய்கிறது, நீங்கள் செய்யும் மாற்றங்களை ராமில் வைக்கிறது. நீங்களாக நிறுவாதவரை ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கும். வைஃபை வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து நாலு வரி அடித்துப் பாருங்கள். நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மாடிப் பையனின் லேப்டாப் போன மாதம் வாங்கியது. அவனுக்கு ஆர்ச் பொருத்தம்தான். என்னுடையதற்கு 7 வயது; டெபியன் போட்டேன். சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை அழிக்காமல் வைத்திருந்ததால் கோப்புகள் பத்திரம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் மட்டும் பழைய புரொஃபைலை (புக்மார்க்குகளும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறையை) திறக்க மறுத்தது. டெபியனில் வருவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, நான் முன்பு வைத்திருந்ததைவிடப் பழையது. புதிய பதிப்பு எழுதிய புரொஃபைலைப் பழைய பதிப்பு தொடாதபடி 2019-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதலே தடை இருக்கிறது. புக்மார்க்குகளைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்திருந்தேன், தப்பித்தேன்.