கன்வென்ஷன்: வீடியோ கேம்களில் ஊடக மரபு

ஊடகக் கல்விப் பாடங்களில் ‘மீடியா கன்வென்ஷன்’ என்ற தொடர் அடிக்கடி வரும். அகராதியைப் பார்த்து அவசரமாகப் பெயர்ப்பவர்கள் இதை ‘ஊடக மாநாடு’ ஆக்கிவிடுகிறார்கள். கன்வென்ஷனுக்கு அந்தப் பொருளும் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம். லத்தீனில் ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘வெனிரே’ என்றால் வருதல். சேர்ந்து வந்தால் கூட்டம். சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தால் உடன்படிக்கை. ஜெனீவா கன்வென்ஷன் இந்த வகை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்காமலே எல்லாரும் ஏற்றுப் பழகிவிட்ட நடைமுறை மூன்றாவது பொருள். கேம் திரையில் வேலை செய்வது இந்த மூன்றாவதுதான்.

இதற்குத் தமிழில் ‘மரபு’ என்பதே பொருத்தமான சொல். மரபு என்றாலே பழமை என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும் என்று பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். ‘யானை கத்தியது’ என்று எழுதினாலும் பொருள் விளங்கும், ஆனாலும் காதில் உறுத்தும். அதைத்தான் மரபுப் பிழை என்கிறோம். எப்பொருளை எச்சொல்லால் எப்படிச் சொல்லி வந்தார்களோ ‘அப்படிச் செப்புதல் மரபே’ என்கிறது நன்னூல். வழிவழியாக வந்த பழக்கத்தைச் சுற்றியே அமைந்த இந்த வரையறை கேமுக்கும் அப்படியே பொருந்தும். ‘விதி’ என்று பெயர்த்தால் ஆட்ட விதியோடு குழம்பும். ‘பாணி’ என்பது ஒரு படைப்பாளிக்கு உரியது. ‘வழக்கு’ அருமையான சொல். தொல்காப்பியமே ‘நாடக வழக்கு’ என்கிறது. ஆனால் இன்று ‘ஊடக வழக்கு’ என்று எழுதினால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

கேம்கள் தங்கள் மரபுகளில் பெரும்பகுதியைப் பிற ஊடகங்களிலிருந்து கடன் வாங்கின. எந்த ஊடகத்திலிருந்து வாங்கினார்கள் என்று பார்த்தாலே யாரை ஆடக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கால்பந்து கேம்களில் கேமரா மைதானத்தின் பக்கவாட்டில் உயரத்தில் நிற்கும், ஸ்கோர் மேல்மூலையில் இருக்கும், கோல் விழுந்ததும் ரீப்ளே ஓடும், பின்னணியில் வர்ணனை கேட்கும். எல்லாம் தொலைக்காட்சி ஒளிபரப்பின் மரபு. டிவியில் மேட்ச் பார்த்தே வளர்ந்தவருக்கு எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2005இல் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கேம் கருவிக்கு வந்த ‘பிரெய்ன் ஏஜ்’ என்ற மூளைப் பயிற்சி கேம் புத்தக மரபைக் கையில் எடுத்தது. இரண்டு திரை கொண்ட அந்தக் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, விரித்த புத்தகம் போலப் பிடிக்க வேண்டும். பட்டன்களைத் தேட வேண்டாம். கணக்குக்கு விடையை எழுத்துக்கோலால் திரையிலேயே எழுதலாம். இடக்கைக்காரர்கள் கருவியை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வசதி உண்டு. அதுவரை கேம் பக்கமே வராத நடுவயதினரையும் முதியவர்களையும் உள்ளே கொண்டுவந்த வடிவமைப்பு இது.

கடன் வாங்கிய மரபு எங்கே இடிக்கும் என்பதற்கு நல்ல சான்று 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’. திகில் படத்தைப் போலவே கூரை மூலையில் அசையாத கேமரா. பாத்திரம் நடந்து சட்டகத்தின் விளிம்புக்குப் போனதும் வேறு கோணத்துக்கு வெட்டு. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, முனகல் மட்டும் கேட்கும். பயம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் திரைப்படப் பார்வையாளர் நடப்பதில்லை, ஆடுபவர் நடக்க வேண்டும். கோணம் மாறும்போது திரையில் இடம் வலமாகும். திரையை வைத்துத் திசை காட்டினால் பாத்திரம் வந்த வழியே திரும்பி ஓடிவிடும். அதனால் ‘மேல்’ பட்டனுக்கு, பாத்திரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் நடப்பது என்று பொருள் வைத்தார்கள். புதியவர்கள் பலருக்கு இது கைவரவில்லை. அதே தொடரின் நான்காம் பாகம் 2005இல் கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. குறிபார்த்துச் சுடுவது எளிதானது, ஆக்‌ஷன் ரசிகர்களும் வந்தார்கள். எங்கே எது ஒளிந்திருக்கிறதோ என்ற அச்சம் குறைந்தது. ஒரு கேமரா இடம் மாறியதில் ஆடுபவர் கூட்டமே மாறியதைப் பாடமாக நடத்த இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உள்ளடக்கத்தைத் தொடாமல் கேம் பெட்டியின் அட்டையில் மட்டும் மரபை மாற்றுவதும் உண்டு. 2001இல் வந்த ‘இக்கோ’வுக்கு ஜப்பானில் அமைதியான ஓவிய அட்டை, வட அமெரிக்காவில் சிறுவனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டிய அட்டை. உள்ளே இருந்தது ஒரே கதை.

தமிழ் வாசகர் அவசியம் பார்க்க வேண்டியது, 2023இல் கனடாவிலிருந்து வந்த ‘வெண்பா’ என்ற கேம். எண்பதுகளில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. புதிர் கேம்களில் துப்பை மறைத்துவைப்பது மரபு. இங்கே அந்தத் துப்பு, நாயகி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டின் கிழிந்த, மை கரைந்த பக்கங்களில் இருக்கிறது. முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி மாற்றி மாற்றி அடுக்குவது என்பது நம் வீட்டில் வளர்ந்தவருக்குப் பார்த்ததும் தெரியும். மற்றவர்கள் பக்கத்தைப் படித்து ஊகிப்பார்கள். பின்னணியில் கதையின் காலத்துக்கேற்ற திரையிசைப் பாணியில் பாட்டுகள். ஒரே காட்சி இரண்டு கூட்டத்தாருக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது.

எழுதும்போது பக்கத்துச் சொற்களோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜானர் என்பதற்கு ‘வகைமை’: திகில் வகைமை, அசையாத கேமரா அதன் மரபு. எதிர்பார்ப்பைத் தெரிந்தே உடைத்தால் ‘மரபு மீறல்’. பயன்பட்டுப் பயன்பட்டு வலுவிழந்தது ‘தேய்வழக்கு’. ஏறக்கூடிய ஏணிக்கும் உடைக்கக்கூடிய பெட்டிக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்து வழிகாட்டும் பழக்கம் இப்போது மரபுக்கும் தேய்வழக்குக்கும் நடுவில் நிற்கிறது: நெரிசலான திரையில் புதியவருக்கு அது உதவுகிறது, தேடிக் கண்டுபிடிக்க விரும்பும் அனுபவசாலிக்கு எரிச்சலூட்டுகிறது. அதைத் தேவைப்பட்டால் அணைத்துவைக்கும் வசதியை அமைப்புகள் பகுதியில் கொடுத்தால் இருவருக்கும் இடமிருக்கும்.