வெள்ளம் புகுந்த டீசல் எஞ்சின்: சாவியைத் தொடுவதற்கு முன்பு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்ததும் டிராக்டர், ஜேசிபி, ஜெனரேட்டர், பம்புசெட் என்று டீசலில் ஓடும் எல்லா வகை எந்திரங்களும் எங்கள் பட்டறைக்கு வரத் தொடங்கின. அவற்றில் தண்ணீரால் மட்டும் கெட்டவை குறைவு. சேறு காய்வதற்குள் யாரோ ஒருவர் ஏறி உட்கார்ந்து, “ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போமே” என்று பார்த்ததில் கெட்டவையே அதிகம். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இது தொடர்வதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டீசல் எஞ்சின் காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறது. 50 குதிரைத்திறனுக்குள் வரும் மூன்று சிலிண்டர் டிராக்டரில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 900 மில்லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே எஞ்சும் இடமோ சுமார் 55 மில்லிதான். காற்று அந்த இடத்துக்குள் அடங்கிவிடும், தண்ணீர் அடங்காது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர் உள்ளே இருந்தாலும், மேலே வரும் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும்; பின்னால் இருந்து தள்ளும் விசையில், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். பட்டறையில் இதை ‘தண்ணி லாக்’ என்போம்.

ஆகவே வண்டி வந்ததும் நான் முதலில் கேட்பது, தண்ணீர் ஏறியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதைத்தான். அடுத்த கேள்வி, அதன் பிறகு யாராவது செல்ஃப் அடித்தார்களா, வேறு வண்டியில் கட்டி இழுத்தார்களா என்பது. இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உரிமையாளர் திட்டுவாரோ என்று டிரைவர் மறைத்துவிட்டால், செலவு முழுவதும் பின்னால் உரிமையாளர் தலையிலேயே விழும். ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரை இழுத்து சட்டென்று நின்ற எஞ்சினில், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நிறுத்தி வைத்திருந்தபோது மூழ்கி, பிறகு யாரும் தொடாத எஞ்சின் என்றால் பெரும்பாலும் பெரிய செலவில்லாமல் பிழைத்துவிடும்.

நின்றிருந்த எஞ்சினுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று பலர் கேட்கிறார்கள். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏர் கிளீனர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வரும் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். டர்போவும், அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உள்ள எந்திரத்தில், இன்டர்கூலரின் அடியில் தண்ணீர் தேங்கியே நிற்கும். சிலிண்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அதை மறந்தால், ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அந்தத் தண்ணீரையும் எஞ்சின் இழுத்துக்கொள்ளும்.

முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதன் பிறகு தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று பானட்டிலும் ஏர் கிளீனரிலும் படிந்த சேற்றுக் கோட்டைப் படம் எடுத்துவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூழ்கிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்க்காத பாலிசிகளில் பொதுவாக ஏற்க மறுக்கிறார்கள்.

அடுத்து ஏர் கிளீனரைத் திறக்க வேண்டும். காகித எலிமென்ட் நனைந்திருந்தால் காய வைத்து மாட்டாமல் தூக்கி எறிந்துவிட வேண்டும். காற்றை ஆயில் கிண்ணத்தின் வழியே விட்டுத் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் வகையில், கிண்ணத்து ஆயிலுக்கு அடியில் தண்ணீர் நின்றால், உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரின் டிரெயின் போல்ட்டை முழுவதும் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானதால், அசையாமல் நின்ற எஞ்சினில் முதலில் கலங்கல் தண்ணீர் தனியாகச் சொட்டும். அதன் பின் கருப்பு ஆயில் வரும். தொடக்கத்திலிருந்தே பால் கலந்த காபி போல ஒரே நிறத்தில் வந்தால், தண்ணீர் உள்ளே போன பிறகு எஞ்சின் சுற்றியிருக்கிறது என்று பொருள். உரிமையாளர் என்ன சொன்னாலும் அந்த நிறம் பொய் சொல்லாது.

சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்ற, டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டர்களையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுச் சுற்றினால், கழற்றாத சிலிண்டரில்தான் தண்ணீர் இருந்திருக்கும். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் சுற்றும் திசையில், கையால் மட்டும் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது இறுகி நின்றால் அழுத்தம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள். தடையின்றிச் சுற்றினால், டீசல் வரத்தை அடைத்துவிட்டு செல்ஃபைச் சில நொடிகள் மட்டும் கொடுக்கலாம். அப்போது இன்ஜெக்டர் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் என்பதால், ஹெட்டுக்கு நேராக முகத்தை வைத்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சுற்றி வைத்தால் சிலிண்டரின் உட்சுவரான லைனரில் துரு பிடிக்காது. இதில் தாமதம் கூடாது. லைனர் ஓரிரு நாளிலேயே துருவேறத் தொடங்கும். கடற்கரையோரத்தில், உப்பளத் தண்ணீர் கலந்து ஏறியிருந்தால் இன்னும் விரைவாகக் கெடும்.

கொஞ்சமாக வளைந்த ராடு உடனே காட்டிக்கொடுக்காது என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், வேலையும் செய்யும்; கூடுதலாகக் கொஞ்சம் புகையும் லேசான தட்டும் சத்தமும் மட்டுமே இருக்கும். நடவு உழவில் முழுப் பாரம் ஏறும் ஒரு நாளில் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படி வந்த ஒரு டிராக்டரில், உடையாத மற்ற இரண்டு பிஸ்டன்களையும் உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது, அவற்றிலும் ஒன்று மற்றதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நின்றது. அதன் ராடைக் கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. இதனால்தான், செல்ஃப் அடித்ததாகச் சந்தேகம் இருந்தாலே கம்ப்ரெஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்கிறேன். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் ஹெட்டை இறக்கிப் பிஸ்டன் உயரத்தை அளந்துவிட வேண்டும். வளைந்த ராடை நிமிர்த்திப் போடுவதற்கு, யார் எவ்வளவு கெஞ்சினாலும் நான் சம்மதிப்பதில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.

டீசல் டேங்கை அடியோடு வடித்து, ஃபில்டர்களை மாற்றி, பம்புக்குப் புது டீசல் வந்த பிறகே ஏர் எடுக்க, அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் பம்புக்கு டீசலே மசகு என்பதால், சிறிதளவு தண்ணீரும் பம்பையும் இன்ஜெக்டர்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். 2021 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதிய புகை விதிமுறை ஜேசிபிகளிலும், 2023 ஜனவரி முதல் வந்த 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களிலும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியு இருப்பதால், கனெக்டர்களைக் கழற்றிக் காய வைக்காமல் சாவியைத் திருப்பவே கூடாது.

எல்லாம் மாட்டியதும் முதலில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பாரமில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அதை வடித்துவிடுங்கள். நிறம் வெளுத்திருந்தால் ஃபில்டரையும் மாற்றி இன்னொரு முறை செய்ய வேண்டும். டிராக்டரின் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், முன் சக்கர ஹப் ஆகியவற்றிலும் மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கும். பல டிராக்டர்களில் பின்பக்க ஆயில் மட்டுமே 40 லிட்டர் அளவுக்குப் பிடிப்பதால், அடுத்த அறுவடைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் பேரிங்குகள் துருவேறிவிடும். கையில் பணம் இல்லையென்றால், அடி போல்ட்டைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரையாவது அன்றே வடித்துவிட்டு, ஆயில் மாற்றும் வரை வண்டியை வயலில் இறக்காமல் நிறுத்தி வையுங்கள்.