பிரேம் போட்டு வரும் கையொப்பத்தை வாங்காதீர்கள்: சொல்பவன் பிரேம்காரன்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எனக்குப் பிரேம் கடை. சாமிப் படம், கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், காலமானவர்களின் படம். சோறு போடுபவை இவைதான். ஆனால் சில வருடங்களாக இன்னொரு வகையும் வரத் தொடங்கியிருக்கிறது: கிரிக்கெட் வீரர்கள் கையொப்பமிட்ட துடுப்பு, ஜேர்சி, பந்து, போஸ்டர். கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் பேஸ்புக்கில் வாங்கியவர்கள், மிச்சப் பேர் வெளிநாட்டு ஏலத் தளங்களில் எடுப்பித்தவர்கள். பொருளை மேசையில் விரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் அதைத் தொட்டுப் பார்க்கிற முதல் ஆள் பெரும்பாலும் நான்தான். காசு அதற்கு முன்பே போய்விட்டிருக்கும்.

போன வருடம் ஒரு தம்பி வந்தார், வங்கியில் வேலை. பொலித்தீன் உறைக்குள் ஒரு வெள்ளைச் சட்டை. "அண்ணா, சங்கக்காரவின்ர கடைசி டெஸ்ட், பி. சரா மைதானம். அதில போட்டது. பார்த்துச் செய்யுங்கோ." நெஞ்சுப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் கையொப்பம், நன்றாகவே இருந்தது. சட்டையைத் திருப்பினேன். முதுகில் பெயரும் கீழே பெரிதாக 11 என்ற இலக்கமும்.

சங்கக்கார கடைசியாக டெஸ்ட் ஆடியது 2015 ஓகஸ்டில், இந்தியாவுக்கு எதிராக. டெஸ்ட் சட்டையின் முதுகில் பெயரும் இலக்கமும் போடத் தொடங்கியது 2019 ஓகஸ்டில், இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் தொடரிலிருந்து. நாலு வருட வித்தியாசம். தம்பி கொடுத்திருந்த காசு 85,000 ரூபாய். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முதலில் தேநீர் எடுப்பித்தேன்.

இதே கணக்கு 1996 உலகக் கிண்ண ஜேர்சிக்கும் பொருந்தும். லாகூரில் அர்ஜுன கிண்ணத்தைத் தூக்கிய அந்த நாளில் எங்கள் ஆட்களின் முதுகில் பெயர் இருந்தது, இலக்கம் இருக்கவில்லை. உலகக் கிண்ணத்தில் இலக்கம் வந்தது 1999இல். ஆனாலும் "1996 இறுதிப் போட்டியில் அணிந்தது" என்று இலக்கத்தோடு ஜேர்சி விற்கிறார்கள், வாங்குகிறார்கள். விற்பவருக்குத் தெரியாமலும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தான் விற்கிற சாமானைப் பற்றி இவ்வளவும் தெரியாதவர், அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

சரி, என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். கடை தொடங்கிய புதிதில் ஒருவர் பதினைந்து படங்கள் கொண்டு வந்தார். பதினைந்தும் ஒரே படம்: காலியில் 2010 ஜூலை 22, ஓஜாவின் பிடியை மஹேல எடுத்து முரளி 800 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்ட நாள். எல்லாவற்றிலும் கையொப்பம். கறுப்பு மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை), தங்க விளிம்பு, பின்பக்கம் முழுக்கப் பிரவுண் பேப்பர் ஒட்டி மூடிவிட வேண்டும் என்றார். பெரிய ஓர்டர், சந்தோஷமாகச் செய்து கொடுத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர், கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று ஒரு படத்தோடு வந்தார். பின்பக்கத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. என் டேப், என் ஆணி, நான் வெட்டிய மவுண்ட். படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சரித்தேன். கையொப்பத்தின் மீதும் படத்தின் மீதும் ஒரே மாதிரி ஒரே பளபளப்பு. பேனா பட்ட தாள் அல்ல. ஒரு தடவை கையொப்பமிட்ட படத்தை ஸ்கேன் செய்து, எத்தனை வேண்டுமோ அத்தனை அச்சடித்திருக்கிறார்கள்.

பிரேம் பொருளுக்கு மரியாதை கொடுக்கும், பொய்க்கும் அதே மரியாதையைக் கொடுக்கும். கண்ணாடி போட்டுவிட்டால் தொட முடியாது, சரித்துப் பார்க்க முடியாது, பின்பக்கத்தைப் பார்க்கவே முடியாது. அதனால்தான் பிரேமோடு விற்பவரிடம் நான் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றினால் பழுதாகிவிடும் என்பார். ஒழுங்காகப் போட்ட பிரேமைக் கழற்றிப் பூட்ட எனக்குப் பத்து நிமிடம் போதும்.

உங்களிடம் பொருள் வந்துவிட்டால் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். செட்டியார் தெருவில் நகைக்காரர்கள் கண்ணில் செருகுவார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி, அதில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த கையொப்பத்தின் ஓரத்தை அதனூடாகப் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் மணல் போலத் தெரியும். பேனா மை அப்படி இருக்காது, ஒரே கோடாக, தாளின் மேலே கிடக்கும். கோடும் கோடும் குறுக்கே வெட்டுகிற இடத்தில் மை கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கும். சில படங்கள் ஸ்டூடியோ லாபில் கழுவியவை, அவற்றில் புள்ளி வராது. அப்போது ஜன்னல் பக்கம் போய்ச் சரித்துப் பார்க்க வேண்டியதுதான். துடுப்பென்றால் மரத்தின் நார் வழியே மை இலேசாகக் கசிந்திருக்கும்.

கையால் இட்ட போலிக்கு இந்த வித்தை உதவாது, அது வேறு விளையாட்டு. பார்த்துப் பார்த்து எழுதுகிறவன் மெதுவாக எழுதுவான். அதனால் கோட்டில் நடுக்கம் இருக்கும், யோசிக்க நின்ற இடங்களில் மை குமிழ்ந்திருக்கும். ஹோட்டல் வாசலில் பஸ் ஏறப் போகிற வீரர் ஒரு விநாடியில் கிறுக்கிவிட்டுப் போவார், கோடு காற்று மாதிரிப் போகும். பதினொரு கையொப்பமும் ஒரே பேனாவில் இருக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது பரவாயில்லை, உடைமாற்றும் அறையில் ஒரே பேனா கைமாறுவது வழக்கம்தான். பதினொன்றும் ஒரே அழுத்தத்தில், ஒரே சரிவில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பொருள் கைக்கு வந்த பிறகு. காசு அனுப்புவதற்கு முன்பு உங்களுக்கு முன்னால் இருப்பது பொருள் அல்ல, ஆள். அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் விளம்பரத்தை மெதுவாக வாசியுங்கள். "முரளியின் கையொப்பத்துடன் கூடிய துடுப்பு" என்பதும் "முரளி கையொப்பமிட்ட துடுப்பு" என்பதும் ஒன்றல்ல. துடுப்புக் கம்பனிகள் வீரர்களின் கையொப்பத்தை அச்சடித்து விற்பது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் காலத்திலேயே சைக்ஸ் கம்பனியின் துடுப்புகளில் அவருடைய கையொப்பம் அச்சில் வந்தது. அதை அச்சென்று சொல்லி விற்பவர் நேர்மையானவர். சொல்லாமல் விடுபவர் பொய்யும் சொல்லவில்லை, அதுதான் அவருடைய கெட்டித்தனம். ஆகவே எழுத்தில் கேளுங்கள்: "பேனாவால் நேரே இட்டதா, அச்சா?" பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். "ஒரிஜினல் அண்ணா, நம்பி வாங்குங்கோ" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல.

அடுத்தது பூர்வீகம். எங்கே, எப்போது, யார் வாங்கியது? ஒரு அங்கிளுக்கு இணையத்தில் ஒரு பழைய துடுப்பு வந்திருந்தது, என்னிடம் படத்தைக் காட்டினார். 1948இல் பிராட்மனின் அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடியது உண்மை. எங்கள் சதாசிவம்தான் இலங்கைக்குத் தலைவர். ஆடுகளம் இரண்டு யார் குறைவாக, இருபது யாரில் போடப்பட்டிருந்தது என்று பிறகு தெரிய வந்த அதே ஆட்டம். விற்பவரின் கதை அந்த ஆட்டத்தின்மீது அழகாகக் கட்டியிருந்தது: தாத்தா ஆட்டம் நடந்த கொழும்பு ஓவல் மைதானத்துக்குப் போனாராம், மாலையில் பிராட்மனும் சதாசிவமும் அங்கேயே வைத்துக் கையொப்பமிட்டார்களாம். படத்தைப் பெரிதாக்கினால் இரண்டும் மெல்லிய நுனி மார்க்கர். அந்த மாதிரிப் பேனா கடைக்கு வந்தது 1960களில், பெயர்பெற்ற ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964இல். அங்கிளை அதையே கேட்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில்: "பிறகு வேற ஒரு நாள் போட்டிருப்பினம்." பிராட்மன் பிற்காலத்திலும் நிறையக் கையொப்பமிட்டவர், அதில் பிழையில்லை. ஆனால் ஒரு கேள்விக்கே கதை மாறுகிறதென்றால் மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லை. அங்கிளுக்கு மனமில்லை, தெரிந்தது. கடைசியில் வாங்கவில்லை.

மூன்றாவதாக, நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற கோரிக்கை ஒன்று. வட்ஸ்அப்பில் ஒரு சின்ன வீடியோ கேளுங்கள். அன்றைய வீரகேசரியோ தினக்குரலோ பக்கத்தில் இருக்க வேண்டும், கைபேசியின் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கையொப்பத்தின் மேல் மெதுவாக நகர்த்த வேண்டும், பிறகு பின்பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். பொருள் கையில் இருக்கிற ஒருவருக்கு இது இரண்டு நிமிட வேலை. படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டவருக்கு முடியாத வேலை. கோபப்படுவார், அல்லது "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்" என்பார். அவர்களுக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

சான்றிதழைப் பற்றிக் கேட்பீர்கள். தங்க எழுத்து, முத்திரை, பளபளக்கும் ஹோலோகிராம். அதை அடிக்க ஒரு கலர் பிரிண்டர் போதும், ஸ்டிக்கரும் றோல் கணக்கில் வாங்கலாம். அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு பெரிய போலிக் கையொப்பக் கும்பலைப் பிடித்தபோது, போலிப் பொருட்களோடு சேர்த்துச் சான்றிதழ்களும் போலி என்று தெரிந்தது. அன்னை தெரேசா கையொப்பமிட்ட பேஸ்போல் பந்துகூட அதில் அகப்பட்டது. அதற்குப் பிறகு அங்கே பேஸ்போல் லீக் 2001இல் தொடங்கிய முறையில், கையொப்பமிடும்போது பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்த ஒருவர்தான் இலக்கமிட்ட ஸ்டிக்கரை ஒட்டுகிறார். சான்றிதழில் தேட வேண்டியதும் இதைத்தான்: கையொப்பமிட்டவர் யார், அதைப் பார்த்தவர் யார், அவரைத் தேடிப் பிடிக்க முடியுமா? விற்பவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழை நான் பிரேமுக்குள் வைக்கவே மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற, கையொப்பங்களைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் இலக்கம் இருந்தால் அவர்களின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இலக்கம் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள், அங்கே எழுதியிருப்பது இதே பொருள்தானா என்றும் பாருங்கள். உண்மை இலக்கத்தைப் போலி ஸ்டிக்கரில் அடிப்பதும் நடக்கிறது.

பேஸ்புக் பக்கமென்றால் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்ற பகுதியைத் திறங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர் என்றெல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த ஒரு "கிரிக்கெட் பொக்கிஷம்" பக்கம் அதற்கு முன் கைபேசி உறை விற்றிருந்தது. படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் எங்கோ ஒரு வெளிநாட்டு ஏலத்தில் ஏற்கனவே விற்ற பொருளாக வந்தால் முடிந்தது. ஏலத் தளங்களில் விற்பவரின் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், அவை எதற்குக் கிடைத்தவை என்று பாருங்கள். ஆயிரம் சாவிக்கொத்து விற்றுச் சேர்த்த நல்ல பெயரை ஒரே ஒரு துடுப்பில் காசாக்கலாம்.

காசு. வங்கிக் கணக்குக்கு நேரே போடுவதைத்தான் விற்பவர்கள் விரும்புவார்கள். போட்ட நிமிடமே போய்ச் சேரும், திரும்ப எடுப்பது கல்லில் நார் உரிப்பது. கணக்கிலுள்ள பெயரும் உங்களோடு கதைத்தவரின் பெயரும் வேறாக இருந்தால் அதோடு நிறுத்துங்கள். கடன் அட்டையில் கட்டினால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது உண்டு. வெளிநாட்டுக்காரர் பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' என்ற வழியில் அனுப்பச் சொன்னால், கட்டணம் மிச்சம் என்பார். வாங்குபவருக்கான பாதுகாப்பு அதில் கிடையாது. கூரியர்காரரிடம் காசு கொடுத்து எடுப்பதையும் பாதுகாப்பென்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்தவரை காசு கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுகிறார்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு அழிக்காதீர்கள். விளம்பரம், கதைத்தது, காசு போட்ட சீட்டு எல்லாவற்றையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், விளம்பரம் இரவோடிரவாகக் காணாமல் போகும். சொன்ன விவரத்துக்கு ஏற்ற பொருளாக இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ள விதி. வியாபாரி ஒருவரென்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். சுத்த மோசடியென்றால் பொலிஸ். வங்கித் தம்பி என்ன செய்தார் என்கிறீர்களா? முறைப்பாடு எழுதினார். சட்டையை நான் பிரேம் போடவில்லை. அவர் அதை இப்போது வெள்ளவத்தைக் கடற்கரையில் மென்பந்து ஆடப் போடுகிறாராம்.

இந்த வருடத் தொடக்கத்தில் தெஹிவளையிலிருந்து ஒரு அன்ரி வந்தார். காலமான கணவர் தமிழ் யூனியன் கிரிக்கெட் கழகத்து ஆள். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் அதே பி. சராவில் நடந்தபோது அவர் வைத்திருந்த ஒரு நிகழ்ச்சிப் புத்தகத்தை விற்கப் போகிறார், அதற்கு முன் என்னிடம் காட்ட வேண்டுமாம். மூலை பூச்சி அரித்திருந்தது, உள்ளே போல்பொயின்ட் பேனாவில் ஒன்பது கையொப்பம். இரண்டு தலைவர்களுடையதையும் காட்டினார், பந்துல வர்ணபுர, கீத் பிளெச்சர். மற்ற ஏழில் மூன்றுக்குப் பெயர் சொன்னார். "மிச்சம் நாலும் ஆர் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. அவர் இருந்தா சொல்லியிருப்பார். ஒண்டு விளையாட்டுக்காரரே இல்லை எண்டும் அவர் சொல்லுவார்." விளம்பரத்திலும் அப்படியே எழுதினார். நாலு நாளில் கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பிரேம் வேலை எனக்கே வந்தது. முன்னும் பின்னும் கண்ணாடி போட்டு, நாலு திருகாணியில் கழற்றக்கூடிய மாதிரிச் செய்து கொடுத்தேன்.